காய்ச்சலோடு போன குழந்தைக்கு ஏன் முதலில் எடை பார்க்கிறார்கள்?

ஸ்டான்லி மருத்துவமனையோ, தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக்கோ, குழந்தை காய்ச்சலில் துவளும்போது "முதல்ல எடை பாருங்கம்மா" என்றால் பெற்றவர்களுக்குப் பதறத்தான் செய்யும். ஆனால் வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது. குழந்தைகளுக்கான மருந்தளவு பெரும்பாலும் ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்குதான். பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். குறைந்தால் காய்ச்சல் சரியாக இறங்காது. அளவு மீறினால் கல்லீரல் கெடும். ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கும் தையல்காரர் தனித்தனியாக அளவெடுப்பது போலத்தான் இதுவும்.

அப்புறம், அதே பாராசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என வெவ்வேறு வீரியத்தில் விற்கிறது. பாட்டிலைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

"ரெண்டுக்கும் மூணு வயசுதானே" என்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய அளவைக் கொடுப்பது தவறு. வயது ஒன்றானாலும் எடை வேறு.