திருப்பி அடி என்று சொல்லலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு 12 வயது. மூன்று மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். விடாமல் கேட்டதில் போன வாரம்தான் வாயைத் திறந்தான். அவனுக்குக் கொஞ்சம் திக்கும். அதை வைத்து நாலைந்து பையன்கள் பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். பையை ஒளித்து வைக்கிறார்கள், அவனைப் போலவே திக்கிக் காட்டுகிறார்கள், அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பள்ளியில் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அவன் அப்பா, "திருப்பி ஒரு அறை விடு, அப்புறம் எவனும் கிட்ட வரமாட்டான்" என்கிறார். இப்போதெல்லாம் தங்கையிடமும் எரிந்து விழுகிறான். நான் என்ன செய்ய? பள்ளியை மாற்றிவிடலாமா?

பதில்: மூன்று மாதம் மனதுக்குள் பூட்டி வைத்திருந்ததை உங்களிடம் சொல்லிவிட்டான். நிறையப் பிள்ளைகள் கடைசி வரை சொல்வதே இல்லை. சொன்னால் பெரியவர்கள் பதறிப் போய் ஏதாவது செய்து, நிலைமை இன்னும் மோசமாகும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதனால் முதலில் அந்தச் சத்தியத்தைப் பார்ப்போம். அவனுக்குத் தெரியாமல் போய்ப் பள்ளியில் சொல்லாதீர்கள். சொல்லாமலே இருந்துவிடவும் முடியாது. அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: "உனக்குத் தெரியாமல் எதையும் செய்யமாட்டேன். ஆனால் எதுவுமே செய்யாமல் இருக்கவும் என்னால் முடியாது. யாரிடம், எப்போது, எப்படிச் சொல்லலாம் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யலாம்." கையை விட்டுப் போன பிடி கொஞ்சம் திரும்பக் கிடைத்தது போல இருக்கும் அவனுக்கு.

அடுத்து, நடப்பது சண்டை இல்லை என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிய வேண்டும். சண்டையில் இரண்டு பேருக்கும் கோபம் வரும், இரண்டு நாளில் சேர்ந்து விளையாடுவார்கள். இங்கே ஒரு பக்கம் சிரிக்கிறது, இன்னொரு பக்கம் வயிற்று வலியோடு படுத்திருக்கிறது. சக மாணவர்களைக் கொடுமைப்படுத்துவது பற்றிய ஆய்வில் முன்னோடியான டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது. 1982ஆம் ஆண்டின் கடைசியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. மறு ஆண்டே நாடு தழுவிய தடுப்பு முயற்சியை அந்த அரசு தொடங்கியது. "பசங்கன்னா அப்படித்தான்" என்று தள்ளிவிட்டுப் போகிற விஷயமாக இது அதற்குப் பிறகு இருக்கவில்லை.

சரி, திருப்பி அடிப்பது? மகன் கூனிக் குறுகி நிற்கக் கூடாது என்ற தவிப்பில்தான் அவன் அப்பா அப்படிச் சொல்கிறார். அந்தத் தவிப்பு நல்லது, வழிதான் சரியில்லை. எதிரே நிற்பது ஒருவன் இல்லை, நாலைந்து பேர். அவன் கையை ஓங்கினால் அவர்களுக்கு இன்னொரு வீடியோ கிடைக்கும். ஆசிரியர் கண்ணில் படுவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது அடிதான். இன்னொன்றும் இருக்கிறது. கொடுமைக்கு ஆளாகி, தானும் மற்றவர்களைச் சீண்டத் தொடங்கும் பிள்ளைகள்தான் இருப்பவர்களிலேயே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. தங்கையிடம் எரிந்து விழுவதைச் சும்மா விடாதீர்கள் என்று சொல்வதும் அதனால்தான். திட்ட வேண்டாம். "அங்கே உனக்கு வலிக்கிறது, தெரியும். அதை இவள் மேல் இறக்கக் கூடாது" என்று சொன்னால் போதும்.

"கண்டுக்காம விடு" என்பதையும் தனி மருந்தாகக் கொடுக்காதீர்கள். அவன் மூன்று மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்!

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது சுற்றி நிற்கும் பிள்ளைகளைத்தான். இது கூட்டத்துக்காக நடக்கும் காட்சி, பார்க்க ஆள் இல்லையென்றால் பாதி நடக்காது. கனடாவின் டொரன்டோ நகரப் பள்ளி மைதானங்களில் ஆய்வாளர்கள் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், சுமார் 88 சதவீதச் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். அவர்களில் யாராவது தலையிட்டது 19 சதவீதத்தில் மட்டுமே. ஆனால் அப்படித் தலையிட்டபோது பாதிக்கு மேல் பத்து நொடிக்குள் அடங்கிவிட்டது. ஒரு பிள்ளை "விடுடா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற உளவியலாளர் இந்தக் கூட்டத்தையே பிரித்துப் பார்த்தார். கூடச் சேர்ந்து செய்பவர்கள், சிரித்து ஏற்றிவிடுபவர்கள், ஒதுங்கிப் போய்விடுபவர்கள், பக்கத்தில் வந்து நிற்பவர்கள். அந்த நாட்டுப் பள்ளிகளில் 2009 முதல் பரவலாக நடத்தப்பட்ட 'கிவா' என்ற கொடுமைத் தடுப்புத் திட்டம் இதை வைத்தே உருவானது. ஒதுங்கிப் போகிற பிள்ளைகளில் பலருக்கு நடப்பது பிடிப்பதே இல்லை. அடுத்து நம் மேல் பாய்வார்களோ என்று பயம், அவ்வளவுதான்.

அதனால் இன்று அவனிடம் "யார் யார் செய்கிறார்கள்?" என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "அப்போது யார் சிரிக்காமல் இருப்பார்கள்?" ஒரு பெயராவது வரும். அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், சேர்ந்து படிக்கட்டும், விளையாடட்டும். அந்தப் பையன் வீரம் காட்ட வேண்டியதில்லை. "வாடா, போகலாம்" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப்போனால் போதும். ஒரே ஒரு நண்பன் கூட இருந்தாலும், அடி விழுவதும் குறையும், விழுந்தால் வலிப்பதும் குறையும்.

பள்ளிக்குப் போவதற்கு முன் எழுதி வையுங்கள்: தேதி, இடம், என்ன சொன்னார்கள், யார் யார் இருந்தார்கள். குழுவில் வந்ததை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அவனுடைய போனை மட்டும் பிடுங்காதீர்கள். அது தண்டனையாகத்தான் தெரியும், அடுத்த முறை சொல்லமாட்டான். முதலில் வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது என்று பேசுங்கள். வராந்தா, கழிப்பறை, பேருந்து, இரண்டு பாடவேளைக்கு இடையிலான ஐந்து நிமிடம் என்று ஆசிரியர் கண் படாத இடங்களில்தான் அதிகம் நடக்கும். அங்கே ஒரு பெரியவர் நின்றாலே பாதி குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். அந்தப் பையன்களையும் உங்கள் மகனையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கை குலுக்கச் சொல்ல வேண்டாம். சமமான இருவருக்கு இடையில்தான் சமரசம் எடுபடும். அந்த அறையில் அவன் வாய் திறக்கமாட்டான், வெளியே வந்ததும் போட்டுக்கொடுத்ததற்கான கணக்கு தீர்க்கப்படும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் வேண்டாம், கொடுமை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகருமே தவிர நிற்காது. நீங்களே அந்தப் பெற்றோர்களுக்குப் போன் போடுவதையும் தவிருங்கள். இரண்டு வாரத்தில் மறுபடி சந்திப்பதாகத் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். தேதி இல்லாத வாக்குறுதி பெரும்பாலும் மறந்துபோகும்.

வயிற்று வலி நடிப்பு இல்லை. மனம் பதறும்போது வயிறு உண்மையாகவே வலிக்கும். விடுமுறை நாளில் வலி வருகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள், ஆனாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பேச்சுப் பயிற்சியாளரையும் பார்க்கலாம். வீட்டில் அவன் திக்கும்போது வாக்கியத்தை முடித்துக் கொடுக்காதீர்கள், "நிதானமாப் பேசு" என்றும் சொல்லாதீர்கள். அவன் முடிக்கும் வரை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள்.

பள்ளி மாற்றம் கடைசி வழி. எழுத்தில் புகார் கொடுத்து, தலைமை ஆசிரியர் வரை போயும் எதுவும் அசையவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள், அது தோல்வி இல்லை. ஆனால் முடிவில் அவனுக்கும் பங்கு இருக்கட்டும். புதிய பள்ளியில் சேர்த்த முதல் வாரமே வகுப்பாசிரியரைப் பார்த்து, அவனுக்குத் திக்கும், பேசி முடிக்க நேரம் கொடுங்கள், தோழமையாகப் பழகும் ஒரு பையன் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.