வேலையை விடாம டைரக்டர் ஆக முடியுமா? அந்தக் காலத்துல யாராவது ஆகியிருக்காங்களா?

ஆகியிருக்காங்க, அதுவும் நம்ம வட சென்னை ஆளு. நீங்க ஐடில இருப்பீங்க, லோன் ஓடும், எவனோ யூட்யூப்ல பேப்பர் போட்டாதான் கலைஞன்னு சொன்னதைக் கேட்டு பேஜார் ஆகியிருப்பீங்க, அப்படித்தானே?

பம்மல் சம்பந்த முதலியார். 1873ல பொறந்தவர், ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருக்காரர். 1891ல, பதினெட்டு வயசுல, கூட்டாளிங்களோட சுகுண விலாச சபாங்கற நாடகக் குழுவை ஆரம்பிச்சார். எழுதுவார், நடிப்பார், ஒத்திகை நடத்துவார். பொழப்பு வக்கீல் தொழில், அப்புறம் ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ். நாடகக்காரனைக் கூத்தாடின்னு ஒதுக்கின காலத்துல காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி மாதிரி படிச்சவங்களை மேடை ஏத்தின சபா அது. ஷேக்ஸ்பியரோட ஹேம்லெட்டைத் தமிழ்ல 'அமலாதித்யன்' ஆக்கினவரும் இவர்தான். வேலைல இருந்து ரிட்டயர் ஆன பிறகு 1934ல 'சதி சுலோசனா' படத்தை டைரக்ட் பண்ணாரு, அப்ப வயசு 61.

வசதியான வக்கீலுக்கு நாடகம் பொழுதுபோக்கு, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மாதிரி அதையே நம்பி வாழ்ந்தாரான்னு கமெண்ட்ல வருவாங்க. சரிதான் சார், சுவாமிகளை நான் குறைச்சு சொல்லல, கேட்ட கேள்வி வேலையைப் பத்தி.

நான் பாரிஸ் கார்னர்ல, துறைமுக சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் பாக்கற ஒரு கிளியரிங் ஆபீஸ்ல இருக்கேன், ஆடி மாசம் பழைய வண்ணாரப்பேட்டைல எங்க தெரு அம்மன் கோயிலுக்கு நாடகம் போடுவோம், டைரக்ஷன் நான். ஒரு வருஷம் பம்மலோட 'மனோகரா'. மனோகரன் சங்கிலியை அறுத்துட்டு பாயணும், அதுக்கு தெர்மாகோல்ல செஞ்சு சில்வர் பேப்பர் சுத்தின சங்கிலி என் ஆபீஸ் பீரோல இருக்கு, நானோ ஒரு கன்டெய்னர் பேப்பர் கிளியர் ஆகாம கஸ்டம்ஸ்ல மாட்டிக்கினு இருக்கேன். பசங்க வெயிட் பண்ணாம காசிமேட்டுல ஒரு போட்ல இருந்து நிஜ இரும்புச் சங்கிலியைத் தூக்கினு வந்து கட்டிட்டானுங்க. நான் ஓடி வந்து பாத்தா ஹீரோ இழுக்கறான் இழுக்கறான், ஒண்ணும் ஆகல, அம்மா பத்மாவதியா நடிச்ச ஐஸ் ஃபேக்டரி அண்ணன் பாவம் பாத்து, புடவையைத் தூக்கி சொருகினு வந்து கொக்கியைக் கழட்டி விட்டாரு. தெருவே சிரிச்சுது. எங்க சித்தப்பா மட்டும் சிரிக்கல, "கூத்தாடிக்கு ஆபீஸ் எதுக்குடா"ன்னாரு. அன்னிக்கு மைக் செட், லைட் எல்லாத்துக்கும் காசு போனது என் சம்பளத்துலதான், அதை யாரும் கேக்கல.

இன்னொரு வயித்தெரிச்சல், இன்னிக்கு சபான்னா மயிலாப்பூர், தி.நகர்தான். ஜார்ஜ் டவுன்காரர் சபா நடத்தின ஊர்ல, எங்க பசங்க ஆடிஷன் போனா வண்ணாரப்பேட்டையான்னு கேட்டுட்டு அரிவாளைக் கையில குடுக்கறாங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். வேலையை விடாதீங்க. ஒத்திகைக்கு பர்மிஷன் கேக்கறப்ப நாடகம்னு மட்டும் சொல்லிடாதீங்க, பல் டாக்டர்னு சொல்லுங்க. எங்க ஆபீஸ் கணக்குப்படி எனக்கு இதுவரைக்கும் பதினாலு பல்லு புடுங்கியாச்சு.