மினாரைப் பார்க்காத பெரியப்பா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் டெல்லி போயிருந்தேன். குதுப் மினாரைப் பார்த்து வாயடைத்துப் போனேன். மேலே ஏற விடவில்லை என்பதுதான் ஏமாற்றம். டிக்கெட் வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்க்க மட்டும் விடுவது என்ன நியாயம்? அந்த ஒரு மணி நேரத்தில் 212 படங்கள் எடுத்தேன். வெளியே வந்ததும் மைத்துனர் சண்டைக்கு வந்துவிட்டார். கோயில்களை இடித்துக் கட்டியதை எப்படி ரசிக்க முடிகிறது என்று கேட்டார். ரயிலில் ஊர் வந்து சேரும்வரை என்னிடம் பேசவில்லை. நான் ரசித்தது தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். மேலே ஏற விடாததை நியாயம் கேட்கிறீர்கள். 1981 டிசம்பர் 4 அன்று அந்தச் சுழற்படிக்கட்டில் மின்சாரம் போய், இருட்டில் நெரிசலாகி, 45 பேர் இறந்தார்கள். பாதிக்குமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்று மூடிய கதவு அது. மூடியே இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் 212 படம் என்றால் நிமிடத்துக்கு மூன்றுக்குமேல். எதைத்தான் பார்த்தீர்கள்?

மைத்துனர் சொன்னதில் பொய் இல்லை. 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு கட்டியதாக மினாருக்குப் பக்கத்தில் இருக்கும் குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. கட்டியவர்கள் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டாம். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்திருக்கிறார். மினாரை மட்டும் பார்த்துவிட்டு நீங்கள் வந்திருக்கிறீர்கள். ரசித்தது தவறா என்று ரயிலில் ஓர் இரவு முழுக்க யோசித்த மனிதர்மீது எனக்குப் பிரியம்தான். அதனால்தான் இத்தனை கோபம்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. என் பக்கத்து மனையில் ஒரு வீடு எழும்புகிறது. முகப்பில் 'ஆர்ச்' வேண்டுமென்று உரிமையாளர் கேட்க, கான்கிரீட் உத்தரத்துக்குக் கீழே அரைவட்டமாகச் சிமெண்டைத் தொங்கவிட்டுப் பூசியிருக்கிறார்கள். அது எதையும் தாங்கவில்லை. அதைத்தான் மேலே இருக்கும் உத்தரம் தாங்குகிறது. பத்து நாளாக அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வந்துகொண்டிருந்தது.

அவர் நாற்பது ஆண்டு கொத்தனாராக இருந்தவர். 1986இல் அவருடைய மகனுக்கு டெல்லியில் வேலை. பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றார். குதுப் வளாகத்துக்குள் நுழைந்ததும் நான் இரும்புத் தூணுக்கு ஓடினேன். அப்போது வேலி கிடையாது. முதுகைத் தூணில் ஒட்டிக் கைகளைப் பின்னால் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. என் கைகள் சேரவில்லை. திரும்பிப் பார்த்தால் பெரியப்பாவைக் காணவில்லை.

அவர் 72 மீட்டர் மினாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மசூதியின் முன்னால், மினாரைத் தொடங்கிய குத்புதீன் ஐபக் எழுப்பிய கல் திரைக்கு எதிரே நின்றிருந்தார். நீங்களும் அதைக் கடந்துதான் போயிருப்பீர்கள். உயரமான வளைவுகள், நடுவில் இருப்பது மிகப் பெரியது. உடல் முழுவதும் அரபு எழுத்து. எழுத்துகளுக்கு இடையில் கொடி சுருண்டு சுருண்டு ஏறும். பெரியப்பா கொடியையும் பார்க்கவில்லை. வளைவின் ஓரத்தைக் காட்டி, "கல்லும் கல்லும் சேரும் கோட்டைப் பார். எல்லாம் படுத்துக் கிடக்கிறது. இது ஆர்ச் இல்லை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குப்புற நீட்டினார். ஒரு கல்லுக்குமேல் அடுத்த கல்லை இப்படி ஒரு விரற்கடை வெளியே தள்ளி வைப்பது, எதிர்ப்பக்கத்திலும் அதேபோல். தள்ளித் தள்ளி மேலே போனால் கடைசியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். விரல் நுனிகள் தொட்டன. பிறகு கைகளை விசிறிபோல் விரித்துச் சாய்த்தார். உண்மையான ஆர்ச்சில் கற்கள் ஆப்புப்போல் இப்படிச் சாய்ந்து ஒன்றையொன்று நெருக்கி நிற்க வேண்டும். "இங்கே கட்டியவன் தூண் நட்டு உத்தரம் வைத்துப் பழகியவன். நம்மைப்போல. வளைவு கேட்டிருக்கிறார்கள். அவன் தனக்குத் தெரிந்த வழியிலேயே கொடுத்துவிட்டான்."

திரை எழுந்தது 1199வாக்கில். இன்னும் நிற்கிறது.

அங்கிருந்து என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தெற்கே அலாய் தர்வாசாவுக்குக் கூட்டிப்போனார். அலாவுதீன் கில்ஜி 1311இல் கட்டிய வாசல். செங்கல்லும் வெள்ளைச் சலவைக்கல்லும் என்று நான் உளறினேன். "செங்கல் இல்லை, சிவப்புக் கல்" என்று அதட்டிவிட்டு வளைவின் அடியில் போய் நின்றார். இங்கே மூட்டுக் கோடுகள் சாய்ந்திருந்தன. ஆப்பு ஆப்பாகக் கற்கள், மேலே குவிமாடம். வெகுநேரம் பேசாமல் நின்றவர், "கற்றுக்கொண்டுவிட்டான்" என்றார்.

நூற்றுப் பத்து ஆண்டு இடைவெளி. அவருக்கு அது ஒரே ஆள். மேற்காசியாவிலிருந்து வந்த கைவினைஞர்கள் அந்த முறையைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அதைப் பின்னாளில் படித்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னேன். "சொல்லிக் கொடுக்க யாராவது வரத்தானே வேண்டும்?" என்று கேட்டுவிட்டுச் சாந்துக் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

இன்னொன்றும் பின்னாளில் படித்ததுதான். 1368இல் மினார்மீது இடி விழுந்தது. சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் சீர்செய்தார். மறுஆண்டு அந்தப் பழுதுபார்ப்பைப் பற்றி மினாரிலேயே நாகரி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதில் கைவினைஞர்களின் தெய்வமான விசுவகர்மாவின் பெயர் வருகிறது. இதை மைத்துனரிடம் சொல்லிச் சண்டையில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. நீங்கள் கேட்டதற்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

எங்களிடம் அன்று கேமரா இல்லை. உங்கள் 212 படங்களில், அந்தத் திரையின் வளைவோரத்தில் கல்லும் கல்லும் சேரும் கோடுகள் தெரிகிற படம் ஒன்றாவது இருந்தால் அனுப்புங்கள். மினார் படங்கள் வேண்டாம்.