ஓப்பன் சோர்ஸா, காசு கொடுத்து வாங்குவதா? சர்வர் இயங்குதளம் பற்றிய கேள்வி பதில்

விண்டோஸ் சர்வர்களையும் லினக்ஸ் சர்வர்களையும் ஒரே அலுவலகத்தில் சேர்த்துப் பராமரிப்பது என் வேலை. லினக்ஸ் ஓப்பன் சோர்ஸ்: அதன் மூல நிரலை (சோர்ஸ்) யாரும் பார்க்கலாம், மாற்றலாம். சர்வருக்கு இயங்குதளம் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: லினக்ஸ் இலவசம், விண்டோஸ் சர்வருக்கு லைசென்ஸ் வாங்கவேண்டும். அப்படியென்றால் லினக்ஸ்தானே மலிவு? மேலாளரிடம் என்ன சொல்வது?

முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். விண்டோஸ் சர்வரின் லைசென்ஸ் கோர் (ப்ராசஸருக்குள் இருக்கும் அலகு) எண்ணிக்கைப்படி. எட்டு கோர் மட்டுமே உள்ள சின்ன சர்வராக இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். ஸ்டாண்டர்ட் பதிப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே சர்வருக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் சர்வர்கள்) வரை ஓட்டலாம். மூன்றாவது வேண்டுமென்றால் அத்தனை கோருக்கும் மறுபடி லைசென்ஸ். இது போக, சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ சிஏஎல் என்ற அணுகல் லைசென்ஸ் தனி. முதல் தடவை வாங்குகிறவர்கள் கணக்கில் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

லினக்ஸ் பக்கமும் செலவு உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவை (லினக்ஸைத் தொகுத்துத் தரும் ஒரு வடிவம்) இறக்கிப் போடக் காசு வேண்டாம். நள்ளிரவில் டேட்டாபேஸ் சர்வர் எழும்பாமல் நின்றால் பார்க்க ஆள் வேண்டும். உள்ளேயே தெரிந்த ஆள் இருந்தால் லினக்ஸ் நிஜமாகவே மலிவு. இல்லையென்றால் லினக்ஸ் விற்கும் நிறுவனங்களான ரெட் ஹேட்டுக்கோ சூசேவுக்கோ வருடச் சந்தா கட்டுவதில் தவறே இல்லை. அங்கே காசு போவது ஆதரவுக்கு.

அப்புறம், எந்தப் பக்கம் போனாலும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் எழுதி வையுங்கள்: பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் நிற்கும்? அந்தத் தேதி தெரியாமல் எந்த சர்வரையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: கற்றுக்கொள்ள எந்த டிஸ்ட்ரோ நல்லது?

டெபியன் அல்லது ஆல்மாலினக்ஸ் (ரெட் ஹேட்டின் லினக்ஸோடு ஒத்துப்போகும் இலவச டிஸ்ட்ரோ). ஏதாவது ஒன்றில் ஆறு மாதம் நிலைத்து நில்லுங்கள்.

கேள்வி: எங்களிடம் எல்லா டெஸ்க்டாப்பும் விண்டோஸ். ஆக்டிவ் டைரக்டரிக்குப் பதிலாக சம்பா போடலாமா?

போடலாம். ஆக்டிவ் டைரக்டரி என்பது பயனர் கணக்குகளையும் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் வசதி. சம்பா அதற்கான ஓப்பன் சோர்ஸ் மாற்று. 2012 டிசம்பரில் வந்த சம்பா 4.0 முதலே டொமைன் கன்ட்ரோலராக (அந்த வசதியை நடத்தும் சர்வராக) அது வேலை செய்கிறது. லாகின், குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைப்பது) எல்லாம் ஓடும். ஆனால் இரண்டு கன்ட்ரோலர் வைத்தால் குரூப் பாலிசி கோப்புகள் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டர் தானாக ஒத்திசையாது. ஆர்சிங்க் போல கோப்புகளை நகலெடுக்கும் கருவி ஏதாவது வைத்து நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முழுக்க விண்டோஸ் டெஸ்க்டாப் என்றால் நான் டைரக்டரிக்கு மட்டும் இரண்டு விண்டோஸ் சர்வர் வாங்குவேன். வெப், டேட்டாபேஸ், மானிட்டரிங் எல்லாவற்றையும் லினக்ஸில் வைப்பேன்.

கேள்வி: அக்கா, இன்னும் சென்ட்ஓஎஸ் 7 ஓடிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை ஒன்றும் வரவில்லையே?

சென்ட்ஓஎஸ் என்பது ரெட் ஹேட்டின் லினக்ஸுக்கு இலவசப் பிரதி, அதை நடத்தியதும் ரெட் ஹேட்தான். அதன் 7-ஆம் பதிப்புக்கான அப்டேட் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டை எதுவும் உங்கள் சர்வரில் அடைபடவில்லை. அந்த சர்வர் நேரடியாக இணையத்தோடு இணைந்திருந்தால் இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். இருக்கிற இடத்திலேயே மேம்படுத்த எலிவேட் என்ற கருவி இருக்கிறது. நான் அதைவிடப் புது சர்வர் ஏற்றி டேட்டாவை நகர்த்துவதையே விரும்புவேன். ஏதாவது கோளாறானால் பழையது கையில் இருக்கும்.

கேள்வி: சென்ட்ஓஎஸ் கதையைப் பார்த்த பிறகும் ரெட் ஹேட்டை ஓப்பன் சோர்ஸ் என்று சொல்வீர்களா? அது துரோகம்.

கோபம் நியாயம். சென்ட்ஓஎஸ் 8 என்றால் 2029 வரை இருக்கும் என்று நம்பித்தான் பலர் மாறினார்கள். 2020 டிசம்பரில் திடீரென்று 2021 கடைசியோடு முடியும் என்று அறிவித்தார்கள். ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் மாற்று என்றால் நிர்வாகிக்கு எத்தனை இரவு போகும்! அந்த அறிவிப்பை நானும் மன்னிக்கவில்லை. ஆனாலும் ரெட் ஹேட் ஓப்பன் சோர்ஸ்தான். லினக்ஸின் மையமான கெர்னலுக்கும், சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டிக்கும் அவர்கள் எழுதிக் கொடுப்பதைப் பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் பயன்படுத்துகின்றன.

கேள்வி: மன்னிக்கவும், ஒப்புக்கொள்ள முடியாது. 2023 ஜூனில் சோர்ஸையே பூட்டினார்களே? லினக்ஸின் லைசென்ஸான ஜிபிஎல்லின் மீறல் இல்லையா?

பொதுவில் வைப்பதை நிறுத்தினார்கள். சந்தாதாரருக்கு சோர்ஸ் கிடைக்கிறது. ஜிபிஎல் கேட்பதும் அதுதான்: பைனரியை (ஓடத் தயாரான நிரலை) யாருக்குக் கொடுத்தாயோ அவருக்கு சோர்ஸும் கொடு. உலகத்துக்கே கொடு என்று அது சொல்லவில்லை.

அவரே மீண்டும்: வாங்கிய சோர்ஸை நான் வெளியிட்டால் சந்தாவை நிறுத்துவேன் என்கிறார்களே. கூடுதல் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்பதும் ஜிபிஎல்தானே?

நல்ல கேள்வி, முக்கியமான இடமும் இதுதான். அவர்கள் வாதம் இது: வெளியிடும் உரிமையை நாங்கள் பறிக்கவில்லை, அடுத்த பதிப்பை உனக்குத் தரவேண்டிய கடமை எங்களுக்கு இல்லை. எழுத்துப்படி இது நிற்கலாம். ஆனால் உரிமையைப் பயன்படுத்தினால் வாசலை மூடுவேன் என்பது அந்த லைசென்ஸ் எழுதப்பட்ட நோக்கத்துக்கு நேர் எதிர் என்றே நினைக்கிறேன்.

இன்னொருவர்: காப்பியடித்து விற்கும் குளோன்களை (சென்ட்ஓஎஸ் போன்ற பிரதிகளை) ஏன் அவர்கள் தாங்கவேண்டும்? சம்பளம் கொடுத்து எழுதுவது அவர்கள்.

அவர்கள் கெர்னலைத் தாங்களாக எழுதவில்லையே! ஆயிரக்கணக்கான பேர் எழுதியதன் மேல் கட்டியதுதான் அவர்கள் பொருளும். குளோன்களால்தான் இந்தக் கட்டளைகளையும் பழக்கத்தையும் ஒரு தலைமுறை நிர்வாகிகள் சந்தா இல்லாமல் கற்றார்கள். பிறகு வேலைக்குப் போன இடத்தில் ரெட் ஹேட்டை வாங்கச் சொன்னதும் அவர்கள்தான். அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். ஆல்மாலினக்ஸ் ரெட் ஹேட்டின் அச்சு அசலான பிரதியாக இருப்பதை விட்டுவிட்டு, மென்பொருள்கள் ஒத்து ஓடினால் போதும் என்று மாறியது. இப்போது ஒரு பிழையை ரெட் ஹேட்டுக்கு முன்பே திருத்த அவர்களால் முடிகிறது. விண்டோஸில் ஒரு பதிப்பை நிறுத்தினால் வேறு யாரும் அதை எடுத்து நடத்த முடியாது. சென்ட்ஓஎஸ் முடியும் என்று அறிவித்த அடுத்த வருடமே ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்து நின்றன. நான் ஓப்பன் சோர்ஸ் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம். இலவசம் என்பது இரண்டாவது.

கேள்வி: புதியவன். எந்த டிஸ்ட்ரோ?

மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எஸ்இலினக்ஸ் தொல்லை தாங்கவில்லை. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். இதை நான் எத்தனை தடவையானாலும் சொல்வேன். எஸ்இலினக்ஸ் என்பது லேபிளைப் பார்த்து எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு. பொதுவாக நடப்பது இது: வலைத்தளக் கோப்புகளை ஹோம் ஃபோல்டரில் வைத்து, அங்கிருந்து வெப் ஃபோல்டருக்கு எம்வி கட்டளையால் நகர்த்துகிறீர்கள். உரிமைகள் எல்லாம் சரி, ஆனாலும் பிரவுசரில் 403 (அனுமதி இல்லை) வருகிறது. எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் பாருங்கள். கோப்பின் மேல் இன்னமும் ஹோம் ஃபோல்டரின் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும். நகர்த்தும்போது அது கூடவே வந்துவிடுகிறது. அந்த ஃபோல்டரின் மேல், சரியான லேபிளை மீட்கும் ரீஸ்டோர்கான் கட்டளையை ஒரு தடவை ஓட்டினால் முடிந்தது. இதற்காகப் பாதுகாப்பையே அணைப்பது பெரிய தவறு.

கேள்வி: சோர்ஸை எல்லோரும் பார்க்கலாம் என்பதால் லினக்ஸ்தானே பாதுகாப்பு?

பார்க்கலாம் என்பதும் பார்த்தார்கள் என்பதும் வேறு வேறு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருள் நூலகத்தில் பின்கதவு (ரகசியமாக நுழையும் வழி) வெளிப்பட்டது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டியவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். அவர் வேலை செய்வது மைக்ரோசாஃப்டில். சோர்ஸ் திறந்திருந்ததால்தான் அவரால் கடைசிவரை தோண்ட முடிந்தது. புதிய பதிப்பை அவசரமாக எடுக்காத டெபியன் ஸ்டேபிளுக்கு அது போய்ச் சேரவில்லை.

விண்டோஸ் பக்கம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸை நினைத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் 2017 மே மாதம். பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) மார்ச்சிலேயே வந்துவிட்டது. பெரும்பாலும் மாட்டியவை இரண்டு மாதம் பேட்ச் போடாமல் இருந்த இயந்திரங்கள்தான். மறுபடி அதே எச்சரிக்கைதான்: தேதி, தேதி, தேதி.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி எப்படி?

இது லினக்ஸ் அல்லாத இன்னொரு ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம். ஸ்டோரேஜுக்கு அருமை. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு இயங்குதளத்தோடே வருகிறது. நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் ஜெயில் வசதி 2000 முதலே இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸின் வீடியோ சர்வர்கள் இதில்தான் ஓடுகின்றன. ஆனால் வணிக மென்பொருள் விற்பவர்களில் பலர் இதற்கு ஆதரவு தருவதில்லை. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் பிரிண்டர் வேலை செய்யவில்லை.

டெஸ்க்டாப் என் துறை இல்லை. உங்கள் டிஸ்ட்ரோவின் உதவிக் குழுவில் கேளுங்கள்.

கேள்வி: மொத்தத்தில் எதுதான் சிறந்த ஓஎஸ்?

எந்த வேலைக்கு, எத்தனை வருடத்துக்கு, யார் பராமரிப்பில்? இந்த மூன்றும் இல்லாமல் வரும் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: விண்டோஸ் சர்வர் 2016, கணக்கு மென்பொருளுக்காக. இருவர் மட்டும் பார்த்துக்கொள்கிறோம். இன்னும் மூன்று வருடம் ஓட்டவேண்டும். என்ன செய்யலாம்?

கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். 2016-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கடைசித் தேதி 2027 ஜனவரி 12. அதனால் மூன்று வருடம் ஓடாது. மென்பொருள் விற்றவரிடம் 2022 பதிப்பில் ஓடுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓடுமென்றால் புது விர்ச்சுவல் மெஷினில் பேக்கப்பை மீட்டெடுத்து, ஒரு மாதக் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். லினக்ஸுக்கு மாற்ற இந்த இடத்தில் அவசியமே இல்லை.