சார்ஜ் ஏறலன்னா முதல்ல எர்த்தைப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார், எனக்கு லாஸ்பேட்டை. விமான மெயின்டனன்ஸ் படிச்சுட்டு வெளியூர்ல ஒரு ஹேங்கர்ல டிரெய்னியா இருக்கேன், பொங்கல் லீவுக்கு வந்திருக்கேன். அங்க ஒரு பழைய செஸ்னா 150, ரெண்டு பேர் உக்கார்ற சின்ன விமானம், நிக்குது, ஆல்டர்னேட்டர் வர்றதுக்கு முந்தின மாடல், 12 வோல்ட், டெல்கோ ரெமி ஜெனரேட்டர். ஸ்டார்ட் பண்ணதும் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயுது, ஆர்பிஎம் ஏத்துனாலும் பிளஸ் பக்கம் வரவே மாட்டேங்குது. பேட்டரி புதுசு போட்டாச்சு, ஜெனரேட்டர் வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரும் மாத்தியாச்சு, ஒண்ணும் மாறல. அடுத்து ஜெனரேட்டரைக் கழட்டலாம்னு பேசிக்கிறாங்க. கழட்டலாமா சார்?

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி. மீட்டரை எடுக்காம பொருளை மாத்திக்கிட்டே போனா காசுதான் போகும், அதுவும் விமானப் பார்ட்ஸ் விலை உங்களுக்கே தெரியும்.

முதல்ல ஒரு விஷயம், பழைய ஜெனரேட்டர் ஐடில்ல, அதாவது இன்ஜின் மெதுவா ஓடும்போது, சார்ஜ் பண்ணாது. டாக்ஸி பண்றப்போ, அதாவது தரையில உருட்டிட்டுப் போறப்போ, லேண்டிங் லைட்டும் ரேடியோவும் போட்டிருந்தா முள் மைனஸ்ல நிக்கிறது, அதாவது பேட்டரியில இருந்து கரண்ட் வெளிய போறது, சகஜம், அதைப் பார்த்து பயந்து ரெகுலேட்டரை மாத்துறவங்க நிறைய பேர். 1700, 1800 ஆர்பிஎம்ல வெச்சுப் பார்த்தும் மைனஸ்லயே இருந்தாதான் கோளாறு. நீங்க ஏத்திப் பார்த்துட்டேன்னு சொல்றீங்க, அதனால மேல போவோம்.

இன்ஜினை நிறுத்திட்டு பேட்டரியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டு வோல்டேஜ் பாருங்க, 12.6 கிட்ட இருந்தா ஃபுல், 12.2 வந்துட்டா பாதி காலி. அப்புறம் இன்ஜின் ஓடும்போது பாருங்க, நல்லா சார்ஜ் ஆகுற 12 வோல்ட் சிஸ்டத்துல 14 வோல்ட்டை ஒட்டி இருக்கணும், சரியான அளவு உங்க மேனுவல்ல இருக்கும், அதைத்தான் நம்பணும். உங்களுக்கு 12க்கும் கீழ இறங்கிக்கிட்டே போகும்னு நினைக்கிறேன்.

இப்போ எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற வழி. இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லுவேன். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது, அதனால இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு பின்னல் ஸ்ட்ராப் போட்டிருப்பாங்க. அது அறுந்தாலோ களிம்பு ஏறினாலோ ஸ்டார்ட்டர் இழுக்குற அவ்வளவு கரண்டும் வேற வழி தேடி த்ராட்டில் கேபிள் வழியா, பிரைமர் பைப் வழியா போகும், கேபிள் சூடாகிக் கருகுறது வரைக்கும் கொண்டு போய் விட்டுடும். அதனால லைட்டு மாதிரி லோடு போட்டுட்டு மீட்டரோட ஒரு முனையை இன்ஜின் பாடியிலயும் இன்னொண்ணை பேட்டரி மைனஸ்லயும் வெச்சுப் பாருங்க, 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டுச்சுன்னா ஸ்ட்ராப்பைக் கழட்டி ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு தேய்க்கணும்.

அடுத்தது ரெகுலேட்டரோட எர்த், எனக்கு சந்தேகமே இங்கதான். டெல்கோ ரெகுலேட்டர்ல பெரும்பாலும் 'ஏ' சர்க்யூட், அதாவது ஃபீல்டு காயிலோட (காந்தம் உண்டாக்குற காயில்) ஒரு முனை ஜெனரேட்டருக்குள்ளயே ஆர்மேச்சரோட (உள்ள சுத்துற காயில்) சேர்ந்திருக்கும், இன்னொரு முனை எஃப் டெர்மினல் வழியா வந்து ரெகுலேட்டர் மூலமாத்தான் எர்த் ஆகும். ரெகுலேட்டர் பேஸுக்கே எர்த் இல்லன்னா ஃபீல்டுக்கு எர்த் இல்ல, ஃபீல்டு இல்லன்னா சார்ஜ் இல்ல. ரெகுலேட்டரும் ரப்பர் மேலதான் இருக்கும், அடியில ஒரு சின்ன எர்த் ஸ்ட்ராப் இருக்கும், அது ஃபயர்வால்ல, அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகட்டுல, தொடுற இடத்துல பெயின்ட் இருந்தாலும் துரு இருந்தாலும் முடிஞ்சது, நீங்க எத்தனை புது ரெகுலேட்டர் போட்டாலும் அதே இடத்துலதானே போடுவீங்க. பேஸுக்கும் ஜெனரேட்டர் பாடிக்கும் நடுவுல வோல்டேஜ் டிராப் பாருங்க, கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்கக் கூடாது.

அங்கயும் சரியா இருந்தா உங்க இன்ஜினியர் ஃபுல் ஃபீல்டு டெஸ்ட் பண்ணுவார்: எஃப் ஒயரை ரெகுலேட்டர்ல இருந்து கழட்டி ஒரு நொடி எர்த் பண்ணுவார். முள் பிளஸ்ல எகிறுச்சுன்னா ஜெனரேட்டர் நல்லா இருக்கு. எகிறலன்னா அப்போ ஜெனரேட்டரைத் திறங்க, அதைச் சுத்தி இருக்குற மூடி பட்டையைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. கார்பன் பிரஷ் தேஞ்சு ஸ்பிரிங் தளர்ந்திருக்கா, ஹோல்டர்ல சிக்கியிருக்கா, கம்யூட்டேட்டர், அதாவது கார்பன் உரசுற செம்பு உருளை, ஒரு சீரான காபி கலர்ல இருக்கா இல்ல அதுல ஒரே ஒரு செம்புத் துண்டு மட்டும் கறுத்து எரிஞ்சிருக்கா. கழட்டுன மூடி பட்டையோட உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க, சாலிடர் துளித்துளியா ஒட்டியிருந்தா ஓவர் ஹீட்டாகி ஆர்மேச்சர் சாலிடர் தெறிச்சிருக்குன்னு அர்த்தம், அது ஓவர்ஹாலுக்குத்தான் போகணும். உங்க ஓ-200 இன்ஜின்ல பெல்ட் கிடையாது, பின்னாடி கியர்ல ஓடும், அதனால பெல்ட் லூஸுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கியரையும் ஜெனரேட்டரையும் இணைக்குற கப்ளிங்கைப் பாருங்க.

ஜெனரேட்டரைக் கழட்டி மாட்டினா மறுபடி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போலரைஸ் பண்ணணும், அதாவது உள்ள இருக்குற காந்தத்தைச் சரியான திசைக்குக் கொண்டு வரணும், 'ஏ' சர்க்யூட்ல ரெகுலேட்டரோட பேட்டரி டெர்மினலையும் ஜெனரேட்டர் டெர்மினலையும் ஒரு ஒயரால சும்மா தொட்டு எடுத்தா போதும்.

இன்ஜின் ஓடும்போது செய்யுற டெஸ்ட் எல்லாம் லைசென்ஸ் இருக்குற இன்ஜினியர் கூட நின்னாதான், வீல் உருளாம சாக் (அண்டக் கட்டை) வெச்சு, நீளமான லீடு போட்டு, புரொப்பெல்லர் பக்கம் ஒருத்தரும் போகாம. கார் கடையில அதே மாதிரி ரெகுலேட்டர் கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க, பார்க்க ஒண்ணா இருந்தாலும் பேப்பர் இல்லாத பார்ட்டை விமானத்துல போடக் கூடாது.

கேள்வி: மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன் சார். எங்க அப்பாவோட பழைய அம்பாசடர், டைனமோ வண்டி, ரொம்ப மாசம் நிறுத்தியே வெச்சிருந்தோம். இப்போ ஓட்டுனா சார்ஜ் லைட் அணையவே மாட்டேங்குது. ஆல்டர்னேட்டரா மாத்திடுங்கன்னு மெக்கானிக் சொல்றார்.

பதில்: அம்மா, தினமும் ராத்திரி ஓட்டுற வண்டின்னா மெக்கானிக் சொல்றது நல்ல யோசனை. அப்பா வெச்சிருந்த மாதிரியே வெச்சுக்கணும்னா மாத்தாதீங்க, பெரும்பாலும் அந்த டைனமோ, அதாவது கார் ஜெனரேட்டர், செத்திருக்காது. ஃபேன் பெல்ட்டைப் பார்த்துட்டு டைனமோவுல டி, எஃப் ரெண்டு ஒயரையும் கழட்டச் சொல்லுங்க, அந்த ரெண்டு டெர்மினலையும் ஒரு சின்ன ஒயரால சேர்த்து, அங்க இருந்து பாடிக்கு மீட்டர் வெச்சு, ஐடில்ல இருந்து மெதுவா ஆக்சிலரேட்டர் கொடுக்கணும், 20 வோல்ட்டைத் தாண்ட விடக் கூடாது. வோல்டேஜ் சரசரன்னு ஏறுச்சுன்னா டைனமோ சரி, கட்-அவுட் பாக்ஸையும் (இந்த வண்டியோட ரெகுலேட்டர்) ஒயரையும் பாருங்க. அரை வோல்ட், ஒரு வோல்ட்லயே நின்னா ஃபீல்டு காயில், 6 வோல்ட் கிட்ட நின்னா ஆர்மேச்சர், ஒண்ணுமே காட்டலன்னா கார்பன். நம்ம கடலூர் உப்புக்காத்துல நின்ன வண்டி, கார்பன் சிக்கியிருக்க நிறைய வாய்ப்பு. நின்னு நின்னு உள்ள காந்தம் போயிருந்தா, ஒயர் கழட்டியிருக்கும்போதே பேட்டரியில எர்த் ஆகாத பக்கத்துல இருந்து ஒரு ஒயரை எஃப் டெர்மினல்ல ஒரு நொடி தொட்டு எடுத்தா திரும்ப வந்துடும்.

லாஸ்பேட்டை தம்பி இதைப் படிச்சா, அம்பாசடர்ல வர்ற இந்த மாதிரி லூகாஸ் டைனமோவுல ஃபீல்டு உள்ளயே எர்த், உங்க டெல்கோவுக்கு நேர் எதிர். இந்த டெஸ்டை அங்க பண்ணிடாதீங்க.

கேள்வி: நெல்லிக்குப்பம் ஸ்கூல் மாணவி. பறக்கும்போது சார்ஜ் போயிட்டா பிளேன் இன்ஜின் நின்னுடுமா?

பதில்: நிக்காது மா. இந்த மாதிரி சின்ன விமானத்துல ஸ்பார்க் கொடுக்குறது மேக்னெட்டோ, அது இன்ஜின் சுத்துற சுத்துலயே தானா கரண்ட் பண்ணிக்கும், பேட்டரியே வேண்டாம், அதுவும் ரெண்டு இருக்கும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக். போறது ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டுற கருவி), லைட்டு, பெட்ரோல் மீட்டர் இதெல்லாம்தான். அதனால பைலட் தேவையில்லாத சுவிட்சை எல்லாம் ஆஃப் பண்ணி பேட்டரியை ரேடியோவுக்கு மிச்சம் வெச்சு, வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்துல இருக்குற ஏர்போர்ட்ல இறக்கிடுவார்.