பாட்டியின் வெள்ளி ரூபாய்களை விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: பாட்டியின் மரப்பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய வெள்ளி ரூபாய்கள் இருந்தன. விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் தலைகள் தெரிகின்றன. பல கறுத்துவிட்டன; நான்கில் மாலை கோப்பதற்கான வளையம் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. நகைக்கடையில் எல்லாவற்றையும் ஒரே விலையில் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். துலக்கி விற்றுவிடலாமா, அல்லது இவற்றைக் கொண்டு சேகரிப்பைத் தொடங்கலாமா?

பதில்: விற்பதைப் பிறகு பார்க்கலாம், துலக்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். புளியும் விபூதியும் பற்பசையும் குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும் ஏற்றவை. நாணயத்தின் மீது அவற்றைத் தேய்த்தால், கறுப்போடு சேர்ந்து, அச்சடித்தபோது உண்டான மேற்பரப்பும் மயிரிழைக் கீறல்களாகப் போய்விடும். சேகரிப்பவர் விலை கொடுப்பது அந்த மேற்பரப்புக்குத்தான். வெள்ளியின் கருமை காற்றிலுள்ள கந்தகத்தால் படிந்த மெல்லிய படலமே தவிர அழுக்கு அன்று; சீராகப் படிந்திருந்தால் அதை விரும்பி வாங்குவோரே மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும், தீயின் அருகில் அல்லாமல், தூய அசிட்டோனில் சற்று ஊறவிட்டு, தேய்க்காமல் உலரவிடுங்கள்.

அடுத்து, ஒரே விலை என்ற பேச்சை ஏற்காதீர்கள். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி நான்காம் வில்லியம் தலையுடன் வெளியிட்ட ரூபாய் முதல் 1939 வரையிலான ரூபாய்கள் 11.66 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்டவை; அதாவது ஒவ்வொன்றிலும் சுமார் 10.7 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. போர்க்காலத்தில், 1940 முதல், வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டதால், எடை மாறாத ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் 5.8 கிராம் அளவே தேறும். 1947இல் வந்த புலி உருவ ரூபாய் வெறும் நிக்கல். ஆகவே, உருக்கும் கணக்கில் பார்த்தால்கூட, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது உங்களுக்கு நஷ்டம்.

இனி ஒவ்வொன்றையும் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். விக்டோரியாவின் 1840 ரூபாயில் பெயர் தலைக்கு மேல் தொடர்ச்சியாக எழுதப்பட்ட வகையும், தலையின் இருபுறமும் பிரிந்து நிற்கும் பிந்தைய வகையும் உண்டு. 1862 என்ற ஆண்டு அந்த ஆண்டோடு நிற்காமல் 1874 வரை அச்சில் தொடர்ந்ததால், அந்த ரூபாய் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் பின்புறத்தில் உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து அதன் வகைகளைப் பிரிப்பதற்கே ஆயுளைச் செலவிடுவோர் இருக்கிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில், பின்புறத்தின் அடியிலுள்ள பூவுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் அது பம்பாயில் அடித்தது; இல்லையென்றால் கல்கத்தா.

உங்களிடம் 1911 ரூபாய் இருக்கிறதா என்பதைத் தவறாமல் தேடுங்கள். மன்னரின் அங்கியில் பொறிக்கப்பட்ட யானையின் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றியைப் போலத் தோன்றியது. எதிர்ப்பு எழவே, நாணயம் திரும்பப் பெறப்பட்டு, 1912இல் துதிக்கை நீண்ட புதிய அச்சு வந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் உங்கள் வீட்டுக் குழந்தையே வேறுபாட்டைச் சொல்லிவிடும். அதைவிட அரியது 1939 ரூபாய். அரியது என்பதாலேயே, அதில் கடைசி எண் பிற்பாடு செதுக்கி மாற்றப்பட்டதா என்று கண்ணாடியில் பார்த்தபிறகுதான் மகிழ வேண்டும். இவை தவிர, தாமரைக் குறியுள்ள ஆற்காட்டு ரூபாயோ, கோபுரமும் தமிழ், தெலுங்கு எழுத்துகளும் கொண்ட சென்னை மாகாணத்து அரை வராகனோ அகப்பட்டால், நகைக்கடைப் பக்கமே போகாமல் நாணயவியல் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

போலியைக் கண்டறிய ஓசையை நம்புவதைவிடத் தண்ணீரை நம்பலாம். தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எடையைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய நாணயத்தை அடியைத் தொடாமல் முழுக அமிழ்த்தினால், 1939 வரையிலான நல்ல 11.66 கிராம் ரூபாய்க்குத் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். வெள்ளி முலாம் பூசிய பித்தளை இந்த எண்ணைத் தாண்டிவிடும். ராமர், அனுமன் உருவங்களோடு 1616, 1818 என்று ஆண்டு போட்டுக் கம்பெனியின் பெயரில் சுற்றுபவை நாணயங்களே அல்ல. அவை அரிசியைத் தம்பால் இழுக்கும் அபூர்வ சக்தி கொண்டவை என்பவரிடம் பேச்சுக் கொடுப்பதும் வீண். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாகவும் அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் கேட்போரைக் குறித்து அவ்வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

வளையம் பற்றவைத்த நான்கும் சேகரிப்பாளருக்கு உதவா. வளையத்தை அறுத்தெடுத்தால் தழும்புதான் மிஞ்சும் என்பதால், பாட்டியின் கழுத்தில் கிடந்தவையாக அப்படியே வைத்துக்கொள்வதே என் விருப்பம்; பணம் தேவையென்றால் இவற்றைத்தான் எடைக்குக் கொடுக்கலாம். மற்றவற்றில் ஒரே ஆண்டு பலமுறை வந்திருந்தால், தேய்மானம் குறைந்த ஒன்றை நிறுத்திக்கொண்டு எஞ்சியவற்றை விற்று, இல்லாத ஆண்டுகளை வாங்குவது சேகரிப்பைத் தொடங்க நல்ல வழி.

வைத்துக்கொள்பவற்றை விளிம்பில் மட்டும் பிடித்துக் கையாளுங்கள். ரப்பர் வளையமும் செய்தித்தாளும் கருமையைக் கூட்டும். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பசையாகிப் பச்சைக் களிம்பைக் கொண்டுவரும். மைலார் எனும் பாலியெஸ்டர் படல உறைகள் பாதுகாப்பானவை. நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால், வெளிநாட்டு உறவினருக்கு அன்பளிப்பாகக்கூட அவற்றை அனுப்ப இயலாது.