மூளை அறுவைக்குக் குளவியைப் போல வளைந்து செல்லும் ஊசி வரப்போகிறதாமே, அப்பாவின் சிகிச்சையை அதுவரை தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லன். மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாசில், கத்தீட்டர் என்னும் உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய் செய்யும் ஆலையொன்றின் தரச்சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். "குழாயைச் சோதித்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்க வருபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் படித்த ஊசி கற்பனையன்று. மரத்தைத் துளைத்து முட்டையிடும் பெண் குளவியின் துளைப்பானில் தசையே கிடையாது. ஒன்றன் காடியில் ஒன்று பொருந்தி வழுக்கும் கூறுகள்தாம் உண்டு. ஒரு கூறு முன்னேறும்போது மற்றவை மரத்தைப் பற்றி நிற்பதால், மெல்லிய அந்தத் துளைப்பான் மடங்காமல் உள்ளே போகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஃபெர்டினாண்டோ ரோட்ரிகஸ் இ பயெனாவின் குழு இதைப் பார்த்து, நான்கு கூறுகளாலான 2.5 மில்லிமீட்டர் ஊசியை உருவாக்கியது. ஒரு கூற்றை மற்றவற்றைவிடச் சற்று முன்னே தள்ளினால் முனை சாய்வாகி, ஊசி வளைகிறது. செம்மறியாடுகளிலும் சோதித்திருக்கிறார்கள்.

இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சியொன்றை தாவ்ஃபூ (சோயாத் தயிர்) கட்டிக்குள் செருகி, உள்ளேயே திருப்பிப் பாருங்கள். குச்சி திரும்பாது, கட்டிதான் கிழியும். மூளைத் திசுவும் ஏறக்குறைய அத்தனை மென்மையானது. வளைவதைவிடச் சுற்றியுள்ள திசுவை இழுக்காமல் வளைவதே கடினம் என்பதால்தான் எனக்கு அந்த ஊசியின்மேல் மதிப்பு.

2017இல் என் மனைவியின் மூளையில் ஆழத்தில் ஒரு கட்டி இருந்தது. தலையில் சட்டம் பொருத்தி நேரான ஊசியால் திசு எடுப்பதாகச் சொன்ன மருத்துவர், படத்தின்மேல் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். குறுக்குவழி பேச்சுக்குரிய பகுதியை உரசியதால் சுற்றுவழியைத் தேர்ந்திருந்தார். "வளைத்துக்கொண்டு போக முடியாதா டாக்டர்?" என்று தொழில் திமிரில் கேட்டேன். "நேராகப் போகும் ஊசியின் முனை எங்கே நிற்கும் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஐயா. வளைவதற்கு யார் பொறுப்பேற்பது?" என்றார். வளையும் கம்பியொன்றின் முனை, பற்றிய இடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று நாள்தோறும் அளந்தவன் என்பதால் என்னிடம் மறுபேச்சில்லை.

என் மனக்குறை வேறு. ஸ்கேன் எடுக்கத் தேதி கிடைக்கவே ஆறு வாரமானது. எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை, அங்கிருந்த தாதியர் நல்லவர்கள். ஆனால் அந்த ஆறு வாரத்தில்தான் என் மனைவியின் வலது கை தளர்ந்தது. தோசையைத் திருப்பும்போது கரண்டி நழுவியதை முதல் நாள் கவனக்குறைவு என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். இன்றும் இடது கையால்தான் தோசை வார்க்கிறாள். உங்கள் தந்தைக்குத் தேதி கொடுத்திருந்தால், அன்றே அழைத்துச் செல்லுங்கள்.